அளக்காத தாவல்

ஒரு சென்டிமீட்டர் என்ன விலை?

துணிக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். கத்தரிக்கோல் நுனியில் போகிற பிசிறு அது. மனை விற்கிறவரிடம் கேட்டால், அந்த அளவு வேலி தள்ளிப் போட்டதற்காக அண்ணன் தம்பி கோர்ட்டு ஏறிய கதையைச் சொல்வார். நீளம் தாண்டுகிற மைதானத்தில், கால் ஊன்றி எழும்புகிற பலகையின் ஓரத்தில், அந்த ஒரு சென்டிமீட்டர் ஒரு விமானப் பயணம். நெஞ்சில் நாட்டின் பெயர் போட்ட பனியன். உலகத்துப் பிள்ளைகள் எல்லாரோடும் ஒரே வரிசையில் நிற்கிற பாக்கியம். ஷூ நுனி பலகையைத் தாண்டி அந்த அளவு எட்டிப் பார்த்தால் போதும், சிவப்புக் கொடி. தவணை கிடையாது, தள்ளுபடி கிடையாது.

நேற்று மாலை ஒரு பெண் அந்த விலையைக் கொடுத்தாள். இன்று காலை அதற்கு வட்டியும் கட்டினாள். வட்டி வசூலிக்கப் போனவன் சில்லறை.

சில்லறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாய் ஓயாமல் குலுங்கியதால் ஒட்டிக்கொண்ட பட்டம். அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற துப்பறிவாளர் அம்மாளையும் ஊர் 'தராசு' என்றுதான் சொல்லும். ஐம்பதைத் தாண்டியவர். யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து எடை பார்ப்பார். வழக்கு முடிந்ததும் அவனைப் பார்த்து "கணக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அவன் வாயாலேயே ஒப்பிக்க வேண்டும். எழுதினால் பொய் கணக்கு எழுதலாம், முகத்தைப் பார்த்துச் சொன்னால் முடியாது என்பது அவர் கொள்கை.

இன்றைய கணக்கு காலையிலேயே நஷ்டத்தில் தொடங்கிவிட்டது.

விளையாட்டு விடுதியில் ஒரே அறையில் இரண்டு பெண்கள். ஒருத்தி இரும்புக் கடை முதலாளியின் மகள். அப்பா 'பாப்பா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் பயிற்சியாளர் வரை எல்லாருக்கும் பாப்பா ஆகிவிட்டவள். இன்னொருத்தி வெட்டுக்கிளி. கால் நீளம், உடம்பு எலும்பு, நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருப்பாள். உலக இளையோர் போட்டிக்கு நீளம் தாண்டுதலில் ஒரே ஒரு இடம். நேற்று தேர்வு. வெட்டுக்கிளியின் கடைசித் தாவலைப் பார்த்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். கொடி சிவப்பாக எழுந்தது. இடம் பாப்பாவுக்குப் போனது. இன்று காலை பாப்பாவின் இடது கால் ஸ்பைக் ஷூவைக் காணவில்லை.

முதலாளி போன் போட்டார். தராசு மேடம் வருவதற்குள் முடித்துக் காட்டலாம் என்று சில்லறை முன்னால் ஓடினான். அறைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது, அதில் தோற்றவள் ஒருத்தி. இதில் துப்பறிய என்ன இருக்கிறது? விடுதித் தாழ்வாரத்தில், அத்தனை பெண்களும் பார்க்க, வெட்டுக்கிளியின் பையைத் தலைகீழாகக் கொட்டினான்.

விழுந்தது ஒரு துண்டு, மூன்று பனியன், பாதி தேய்ந்த சோப்பு, காலுறைகள், ஒரு சீப்பு, எண் அட்டை குத்துகிற ஊக்குகள் போட்ட டப்பா. வேறு ஒன்றுமில்லை.

"தேடியாச்சாண்ணே?" என்றாள் வெட்டுக்கிளி.

"ஆச்சும்மா."

"அப்போ மூடுங்க. திறந்தவங்கதானே மூடணும்."

அந்த நேரம் பார்த்து மேடத்திடமிருந்து போன் வந்தது. அவன் போய்விட்டான். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தபோதும் பை அதே இடத்தில் வாயைப் பிளந்து கிடந்தது. சாமான்கள் தரையில் கிடந்தன. அவள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் அவளுடைய சோப்பைச் சுற்றி நடந்து போனார்கள்.

"ஷூ அவகிட்ட கிடைச்சா, மாற்று ஆள் இடமும் போச்சு. இனிமே எந்தத் தேர்வுக்கும் அவளைக் கூப்பிட முடியாது" என்று தேர்வுக்குழுத் தலைவர் சொல்லியிருந்தார். "சாயங்காலம் பட்டியல்ல கையெழுத்துப் போடறேன். அதுக்குள்ள முடிங்க."

முடிக்கத்தான் வேண்டும். ஆனால் எதை என்பதில்தான் சில்லறைக்கு இப்போது சந்தேகம்.

அறைக்குள் முதலாளி கட்டிலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் மஞ்சள் தொப்பி, தொப்பியில் அவர் கடைப் பெயர். நேற்றைய தேர்வுக்கு அத்தனை தொப்பியும் அவர் உபயம். பாப்பா ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆள் இல்ல" என்றார் முதலாளி. "எனக்கு ஷூ வேணும். ஜோடியா வேணும். கடை வாசல்ல வைக்கக் கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லியாச்சு. ஒத்தை ஷூவை வச்சா பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"இன்னொரு காலு எங்கேன்னு நினைப்பான் முதலாளி" என்றான் சில்லறை.

"அதேதான்! அதுவும் அது சாதாரண ஷூவா? என் கை பட்ட ஷூ! அடியில இருக்கற ஆணியில ஒண்ணு விழுந்து போச்சு. கடையில கேட்டா செட்டாத்தான் தருவானாம். ஒரு ஆணிக்கு ஒரு செட்டா! என் கடையில இல்லாத மரையா? ஆறு பட்டை போல்ட் ஒண்ணு எடுத்து, ஸ்பேனர் போட்டு முடுக்கினேன் பாருங்க, ஷூ பிஞ்சாலும் போல்ட் கழலாது."

"அப்பா, போதும்ப்பா" என்றாள் பாப்பா, திரும்பாமல்.

"ஏன் போதும்? அந்த போல்ட்டோடதான் ஜெயிச்ச. இந்தாங்கம்மா, நேத்து எடுத்த போட்டோ." போனை நீட்டினார். அவரும் கொடி காட்டுகிறவரும் தோளோடு தோள் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்காரர் தலையில் புதுத் தொப்பி. ஒரு கையில் கொடிகள், இன்னொரு கையில் நீளமாக, பச்சையாக என்னவோ ஒன்று.

"கையில என்ன, ஸ்கேலா? உங்க சிரிப்பை அளக்கவா?" என்றான் சில்லறை.

முதலாளி மட்டும் சிரித்தார். தராசு சிரிக்கவில்லை, அவர் ஷூப் பையைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே வலது கால் ஷூ. இடது கால் ஷூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு, இறுக்கமாகச் சுருட்டி, நுனியில் கொஞ்சம் ஒடுக்கி, ஷூ மாதிரியே வைத்திருந்தது.

"ரொம்ப மரியாதைப்பட்ட திருடன் மேடம்" என்றான் சில்லறை. "எடுத்த இடத்தைக் காலியா விட மனசு வரல."

"திருடனுக்கு எடுத்தா போதும்" என்றார் தராசு. "எடுத்தது தெரியக் கூடாதுன்னு நினைக்கறவன்தான் துண்டு சுருட்டுவான். ஜிப்பு மூடியிருந்துதா?"

"மூடித்தான் இருந்துது" என்றார் முதலாளி. "போட்டோ எடுக்கலாம்னு காலையில நான்தான் திறந்தேன்."

"ஓ. அப்போ காணோம்னு சொன்னது நீங்க. பாப்பா சொல்லல."

"அவ கவனிக்கலம்மா."

தராசின் தலை சாய்ந்தது. "பாப்பா, நீ எந்தக் காலை ஊன்றி எழும்புவே?"

"இடது மேடம்."

"சோறு போடற கால். அதோட ஷூ காணாமப் போனது உனக்குத் தெரியல."

 ஜன்னலுக்கு வெளியே மைதானம் வெயிலில் கிடந்தது. அவள் பார்வை ஒரே இடத்தில் இருந்தது. தராசு அவள் தோளுக்கு மேலாக அதே இடத்தைப் பார்த்தார். நீளம் தாண்டுகிற மணல் குழி.

"வா சில்லறை" என்றார். "மணல் பாத்துட்டு வரலாம்."

தாழ்வாரத்தைக் கடக்கும்போது வெட்டுக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது சில்லறைக்கு. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"என்னம்மா, கடை பரப்பியாச்சு, வியாபாரம் எப்படி?"

"வாங்கறதுக்கு யாரும் வரலண்ணே. திருட்டுச் சாமான்னு நினைக்கறாங்க."

அதன் பிறகு அவன் மைதானம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தராசு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவன் கூட வருகிறானா என்று சந்தேகம்.

மணல் குழி நீளமாகக் கிடந்தது. நேற்று பெண்கள் தாண்டி முடித்தபின் பையன்கள் தாண்டியிருந்தார்கள். அவர்கள் விழுந்த குழிகளும், எழுந்து நடந்த தடங்களும், சண்டை போட்ட கோழிக்கூடு மாதிரி இருந்தன. தேர்வு முடிந்த அசதியில் யாரும் வாரிச் சமன் செய்யவில்லை. பல் வைத்த இரும்பு வாரி ஓரமாகக் கிடந்தது. தராசு குழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நடந்தார். அங்கே போய் நின்றார்.

"இங்க வந்து பாரு."

அந்தக் கோடியில் மட்டும் மணல் சீராக வாரியிருந்தது. வாரியின் பல் தடம் ஒவ்வொன்றும் தலை சீவினது போல.

"யாரோ நல்லாத்தான் சுத்தம் பண்ணியிருக்காங்க" என்றான் சில்லறை.

"எதுக்கு?"

"ஆள் விழுந்தா குழி ஆகும், குழி ஆனா வாருவாங்க."

"பலகை எங்க இருக்கு பாரு. இங்க வந்து விழணும்னா எவ்வளவு தூரம் தாண்டணும்?"

சில்லறை பலகையைப் பார்த்தான், காலடியைப் பார்த்தான். "இங்க விழறதுக்குத் தாண்டினா பத்தாது மேடம். இறக்கை வேணும்."

"ஆள் விழாத இடத்துல மணலை வாரியிருக்காங்க. விழற இடத்தை அப்படியே விட்டிருக்காங்க. தோண்டு."

வாரியின் பல் மூன்றாவது இழுப்பிலேயே எதிலோ சிக்கியது. மணலோடு ஒரு ஷூ மேலே வந்தது. இடது கால். வெள்ளையும் நீலமும்.

சில்லறையின் வாய் வரை ஒரு பெயர் வந்தது. தோற்றவள், பொறாமை, புதைத்தாள். கதை தானாகவே கூடி வந்தது. காலையிலும் இப்படித்தான் தானாகவே கூடி வந்தது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. பெயரை விழுங்கினான். மணலைவிடக் கரகரப்பாக இறங்கியது.

"பரவாயில்ல, வாயைப் பூட்டவும் தெரிஞ்சிருக்கு" என்றார் தராசு. ஷூவைத் திருப்பினார். அடியில் கூர்முனை ஆணிகள், முன் பக்கம் ஒன்றுக்குப் பதிலாக ஆறு பட்டைத் தலையோடு ஒரு போல்ட். போல்ட்டைச் சுற்றிப் பச்சை நிறத்தில் களிமண் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மைதானத்துல பச்சைக் களிமண் எங்க இருக்கும்?"

"பலகைக்கு அந்தாண்ட ஒரு பட்டை பதிச்சிருப்பாங்க மேடம். மெத்துனு களிமண் தடவி. கால் தாண்டிப் பட்டா தடம் விழும். தடம் இருந்தா சிவப்பு."

"அப்போ நேத்து பாப்பாவுக்கும் ஒரு சிவப்பு உண்டு. நடந்து போய்க் கேப்போம்."

சாமான் அறையில் கொடிக்காரர் ஈட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

"ஆமாம்மா, பாப்பாவோட கடைசித் தாவல் சிவப்புதான். அதனால என்ன, முந்தின தாவல் நல்ல தாவல், அதுல ஜெயிச்சா. அடுத்ததா வெட்டுக்கிளி. அதுவும் சிவப்பு." பெருமூச்சு விட்டார். "என்ன தாவல்மா அது! கொடி தூக்க எனக்கே கை வரல. ஆனா தடம் இருக்கே. அவ அழுதா, கால் படவே இல்லன்னு சாதிச்சா. பட்டையை உருவி அவ கண்ணு முன்னால காட்டினேன். இன்னும் வச்சிருக்கேன், முறையீடு பண்ணினா பட்டியல் முடியற வரைக்கும் அதை அழிக்கக் கூடாது."

"பாக்கலாமா?"

அலமாரியிலிருந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த பட்டையை எடுத்தார். விரல் நீளத்துக்கு மேல் அகலமில்லாத மரப்பட்டை, மேலே பச்சைக் களிமண். நடுவில் ஷூ நுனி அழுந்திய பிறை. பிறைக்குக் கீழே இரண்டு ஊசித் துளைகள். அவற்றுக்கு நடுவே, தேன்கூட்டில் ஒரு அறையைப் பிட்டு வைத்தது போல், ஆறு மூலைப் பள்ளம்.

 மேடம் ஷூவை மெதுவாக அதன் மேல் வைத்தார். பூட்டில் சாவி உட்கார்வது போல் உட்கார்ந்தது.

"வெட்டுக்கிளி எந்தக் காலை ஊன்றுவா?" என்று கேட்டார்.

"வலது..." என்று தொடங்கிய கொடிக்காரர் பாதியில் நின்றார்.

"இது எந்தக் காலு?"

அவர் பட்டையைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். கட்டைவிரல் பக்கத்து வளைவு வலப்புறம் இருந்தது. "இடது" என்றார். சத்தம் வெளியே வரவில்லை. "தடம் இருக்கா இல்லையான்னுதான் பாத்தோம். யார் தடம்னு யாரும்..."

"அவளும் பாக்கலியா?" என்றான் சில்லறை.

"அழுதுட்டிருந்தாளேப்பா."

"பாப்பாவுக்குச் சிவப்பு காட்டினதும் பட்டையை மாத்தினீங்களா?" என்று கேட்டார் தராசு.

"மாத்தாம எப்படிம்மா? தடம் விழுந்த பட்டையை உருவிட்டு, மேசை மேல இருக்கற புதுசைச் செருகணும். பழசைத் தண்ணி தொட்டு நீவி வைக்கணும். இத்தனை வருஷமா அதுதான் வேலை. உருவினேன். கையில வச்சிருந்தேன். அப்பதான் முதலாளி வந்து தொப்பி மாட்டி, போட்டோ எடுக்கணும்னு தோள்ல கை போட்டாரு. எடுத்தோம். அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த பொண்ணு ஓடி வரத் தயாரா நின்னா. அவசரமா, கையில இருந்ததை..."

 கை தானாக மேலே போய்த் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஈட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தார்.

பார்வையாளர் படிக்கட்டின் நிழலில் அப்பாவையும் மகளையும் வரச் சொன்னார் தராசு. ஷூவைப் படியின் மேல் வைத்தார். முதலாளியின் முகம் மலர்ந்தது. பாப்பாவின் முகம் ஏற்கெனவே தெரிந்ததைப் பார்த்தது.

"கிடைச்சிடுச்சா! நான் சொன்னேன்ல அந்த வெட்டுக்கிளி..."

"அவ இல்லைங்க. திருட்டே நடக்கல" என்றார் தராசு. "பொருளைப் பறிகொடுத்தவ புகார் குடுக்கல. துண்டு அவளோடது. இன்னிக்கு விடிகாலையில வாரி எடுத்து மணல் வாரினதும் அவதான். ஏன் பாப்பா, அந்த போல்ட்டைக் கழட்டிப் போட்டிருந்தா போதுமே?"

"கழட்டிப் பாத்தேன் மேடம்." பாப்பாவின் குரல் தரையில் இழுபட்டது. "எங்ககிட்ட இருக்கற சாவி ஆணிக்குத்தான் பொருந்தும். போல்ட்டுக்குப் பொருந்தல. அப்பா ரொம்ப முடுக்கிட்டார்."

முதலாளிக்கு விஷயம் இன்னும் விளங்கவில்லை. தராசு விளக்கினார். பட்டை, போல்ட், இடது கால், மாற்ற மறந்த கை. முதலாளி வியாபாரி. பாதி கேட்டதுமே மீதி அவருக்கு விளங்கிவிட்டது. தொப்பியைப் பின்னால் தள்ளிக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா. ஷூ கண்டுபிடிக்கறதுக்கு ஒரு கூலி பேசினோம்."

"பேசினோம்."

"கண்டுபிடிக்காததுக்கு ரெண்டு கூலி வாங்கிக்கங்க. ஷூ கிடைக்கல. நான் பெட்டியில ஒத்தை ஷூவே வச்சுக்கறேன்."

சில்லறையின் மனசுக்குள் ஒரு நாணயம் குலுங்கியது. ரெண்டு கூலி. வாடகை. போனுக்குப் புது பேட்டரி. அந்தக் கணக்கு ஓடி முடிவதற்குள், தாழ்வாரத்தில் தரையில் கிடக்கிற சோப்பு கண்ணில் பட்டது. அதைச் சுற்றி நடந்து போகிற கால்கள்.

"என் தராசுக்கு ரெண்டு தட்டுங்க" என்றார் மேடம். "ரெண்டையும் ஒரே பக்கம் மாட்டச் சொல்றீங்க."

"என்னம்மா ஆதாரம்? கால் வெட்டுக்கிளியோடது இல்லன்னே வச்சுக்கங்க. அவ தாண்டினதுக்கு அப்புறம் எவனோ ஷூவை வச்சு அமுக்கியிருக்கலாம்! அவ தாண்டறதுக்கு முன்னாடியே தடம் இருந்துதுன்னு யார் பாத்தா?"

"நீங்கதான் முதலாளி" என்றான் சில்லறை.

"நானா?"

"போனை எடுங்க. அந்த போட்டோ. கொடிக்காரர் கையில ஸ்கேல்னு நான் கிண்டல் பண்ணினேனே. பெருசாக்கிப் பாருங்க."

முதலாளி எடுத்தார். விரல்களை விரித்தார். அவருடைய சொந்தச் சிரிப்புக்குக் கீழே பச்சைப் பட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. நடுவில் அவர் கடை போல்ட்டின் ஆறு மூலை, தெளிவாக. பின்னால் தூரத்தில், ஓடுதடத்தின் முனையில், இன்னும் ஓடத் தொடங்காத வெட்டுக்கிளி இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள்.

அவர் போனை அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். "நான் தொப்பிதானேம்மா குடுத்தேன்" என்றார் யாரிடமோ.

"நான் நேத்தே பாத்தேன்" என்றாள் பாப்பா. எல்லாரும் திரும்பினார்கள். "அவகிட்ட பட்டையைக் காட்டினப்போ நானும் பக்கத்துல நின்னேன். என் போல்ட்டுன்னு பாத்ததும் தெரிஞ்சுது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள என் பேரைப் படிச்சுட்டாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. கைதட்டல் நின்னதும் சொல்லிடலாம்னு இருந்தேன் மேடம். அது நிக்கவே இல்ல."

பாப்பா படியிலிருந்த ஷூவைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"ராத்திரி எதிர்க் கட்டில்ல அவ படுத்திருந்தா. 'நீயாவது போறியே'ன்னு சொன்னா. காலையில இந்த அண்ணன் அவ பையைக் கொட்டினப்போ நான் வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். அப்பவும் சொல்லல."

சில்லறைக்கு அவளைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு வாய் கூசியது. கொட்டியவன் அவன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

பாப்பா ஷூவை எடுத்தாள். அப்பாவின் கையிலிருந்து போனையும் வாங்கினாள். அவர் தடுக்கவில்லை, விரல்கள் மட்டும் கொஞ்சம் தாமதமாக விட்டன. அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள். பலகையை நோக்கி ஓடுகிறவளின் நடையல்ல அது.

தேர்வுக்குழுத் தலைவர் ஷூவைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, அவ தாவல் செல்லும். எவ்வளவுன்னு போடட்டும்? சிவப்புன்னு சொன்னதும் அளக்காமலே மணலை வாரிட்டோம். அதுக்கு மேல பையன்க வேற தாண்டிட்டாங்க."

"நான் போகலை சார். அவளே போகட்டும்" என்றாள் பாப்பா.

"எவ நீளமாத் தாண்டினாளோ அவதான் போவா. இதுல தானம் பண்ண முடியாதும்மா." பேனாவை மூடினார். "ஒண்ணு செய்யலாம். போன தாவலுக்குப் பதிலா ஒரு தாவல் குடுக்க விதியில இடம் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. இப்பவே."

வெட்டுக்கிளியைக் கூட்டி வந்தார்கள். அவள் விஷயத்தைக் கேட்டாள், தலையாட்டினாள். பாப்பாவைப் பார்க்கவில்லை. கொடிக்காரர் புதுப் பட்டையைத் தண்ணீர் தொட்டு நீவினார். நீவினதையே மறுபடி நீவினார். வெயில் பட்டுக் கண்ணாடியாக மின்னியது. பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல் பொருத்தினார். சில்லறை வாரியை எடுத்துக் குழி முழுவதையும் அவனே வாரினான். 

வெட்டுக்கிளி ஓடுதடத்தின் முனைக்குப் போய் நின்றாள். காலையிலிருந்து அவள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது போகவில்லை என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள். 

ஓடினாள். பலகையில் வலது கால். எழும்பினாள். சில்லறை மூச்சை எங்கேயோ வைத்துவிட்டான். மணல் தெறித்தது.

எல்லாக் கண்ணும் பட்டையில். சுத்தமாக இருந்தது. கொடிக்காரர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். தூக்கின கை இறங்காமல் அப்படியே நின்றது.

நாடாவை இழுத்தார்கள். குனிந்து படித்த ஆள் நிமிர நேரம் எடுத்துக்கொண்டார். தலைவரிடம் மெதுவாகச் சொன்னார்.

பாப்பாவின் தாவலைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு.

மைதானத்தில் கைதட்டுகிற ஆள் யாரும் இல்லை. முதலாளி எங்கோ பார்த்தார். பாப்பா மணலுக்குள் இறங்கி அவளிடம் போனாள்.

"நேத்து நீ என்னைவிட ரொம்பத் தூரம் தாண்டினே" என்றாள். "எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சு என்ன, யாரும் அளக்கல." வெட்டுக்கிளி காலுறையிலிருந்த மணலைத் தட்டினாள். அழவில்லை. நேற்றே தீர்ந்திருக்கும். "போ. போய் நல்லாத் தாண்டு. மோசமாத் தாண்டிட்டு வந்தியோ, என் முகத்துல முழிக்காத."

பட்டியல் கையெழுத்தாயிற்று. பாப்பா பெயர் மேலே, வெட்டுக்கிளி பெயர் கீழே, மாற்று ஆள் என்று. விதிப்படி எல்லாம் சரி.

தாழ்வாரத்தில் பை இன்னும் வாயைப் பிளந்து கிடந்தது. சில்லறை அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். வெட்டுக்கிளி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மன்னிச்சிரும்மா."

"முதல்ல மடிங்கண்ணே."

பனியன்களை மடித்தான். கலைத்தாள், மறுபடி மடிக்கச் சொன்னாள். சோப்பை மேலே வைத்தான். "சோப்பு ஓரத்துலண்ணே, துணியெல்லாம் ஒட்டிக்கும்" என்றாள். சீப்பு, காலுறை, துண்டு. ஊக்கு டப்பா திறந்துகொண்டது. ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஜிப்பு பாதியில் மாட்டியது, இழுத்து மூடினான். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வாசலில் தராசு காத்திருந்தார்.  தெருமுனை திரும்பியதும் அவர் நின்று அவன் முகத்தைப் பார்த்தார்.

"கணக்கு?"

சில்லறைக்கு வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் வரும். தேடினான். கிடைக்கவில்லை.

"காணாமப் போனது ஷூ ஒண்ணு, கிடைச்சாச்சு. கூலி ஒண்ணு, பேசினபடி வந்தாச்சு. திருடன் இல்ல. தப்புப் பண்ணினவங்க நாலு பேர். கொடிக்காரர் மறந்தாரு, முதலாளி போட்டோ எடுத்தாரு, பாப்பா வாயை மூடினா, நான் பையோட வாயைத் திறந்தேன். நான் திறந்த பையை மூடியாச்சு."

"பாக்கி?"

"ஒரு தாவல் மேடம்" என்றான் சில்லறை. "நீளம் தெரியாது."